மைக் நல்லகண்ணுவும் டெஸ்ட் ஊசியும்

மேலகரம் நல்லகண்ணுவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். ஊரில் மற்ற எல்லாருக்கும் ஏறும், இவருக்கு மட்டும் இறங்கும். பகல் முழுக்க மைக்கில் கத்துவது தொழில். வீட்டுக்கு வந்தும் கத்தினால் அது ஓவர்டைம், அதற்குக் கூலி தர ஆள் இல்லை என்பார். அவர் சம்சாரம் இராமலட்சுமி இதை நன்றாகப் படித்து வைத்திருந்தாள். "குழம்புல உப்பு இல்ல" என்று அவர் உரக்கச் சொன்னால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அதையே மெதுவாகச் சொன்னால் உப்பு டப்பாவோடு ஓடி வருவாள்.

வண்டி ஒரு கிழட்டு ஆட்டோ. கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒன்று முன்பக்கம், ஒன்று பின்பக்கம். பின்பக்கத்துக் குழாயில் ஒரு விரிசல் உண்டு. அதனால் வண்டி வரும்போது ஒரு நல்லகண்ணு கேட்கும், போகும்போது சளி பிடித்த நல்லகண்ணு கேட்கும். தென்காசி ரத வீதியிலிருந்து குற்றாலம் தாண்டி காசிமேஜர்புரம் வரை அவர் குரல் போகாத சந்து இல்லை. நகைக்கடை ஆடித் தள்ளுபடி, அம்மன் கோயில் கொடை, வீட்டு வரி, காணாமல் போன கிடாய், செத்துப்போன பெரியவர், எல்லாம் ஒரே குரல்தான். ஒருதடவை சாவுச் செய்தியைச் சொல்லி முடித்த வாயோடு, பழக்கதோஷத்தில், "இந்த அரிய வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டார். செத்தவரின் மருமகன் மட்டும் சிரித்தான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் ஒரு வித்தை கைவசம் இருந்தது. எழுதிக் கொடுப்பதை அப்படியே படிக்க மாட்டார். "திடக்கழிவு மேலாண்மைப் பணிகளுக்குப் பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குமாறு" என்று பேரூராட்சியில் எழுதித் தருவார்கள். இவர் வண்டியில் ஏறி, "தாய்மார்களே, குப்பையை ரோட்டுல கொட்டாதீக, வண்டி வாசலுக்கே வருது" என்பார். அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். ஊரும் அதற்காகத்தான் நம்பியது. நல்லகண்ணு வாயால் டீக்கடையில் சொன்னால் அது வம்பு. மைக்கில் சொன்னால் அது செய்தி.

இந்த வித்தைதான் வினையாக முடிந்தது.

போன தை மாதம் முத்துச்செல்வம் வந்தான். இலத்தூர்ப் பையன். தேய்த்த சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை, யாரைப் பார்த்தாலும் "அண்ணாச்சி." ஒரு மருந்துக் கம்பெனிக்காக ஆள் சேர்க்கும் வேலை அவனுக்கு. அவன் நீட்டிய தாளில், "டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்ட மருத்துவ ஆய்வில் பங்கேற்கத் தன்னார்வலர்கள் வரவேற்கப்படுகிறார்கள்" என்று இருந்தது.

"இதைப் படிச்சேன்னா ஒரு ஈ, காக்கா வராது" என்றார் நல்லகண்ணு. "ஆய்வுன்னு மைக்ல சொன்னா, கரண்டு திருடுதானான்னு பாக்க ஆபீசர் வாரான்னு நெனச்சு வீட்டைப் பூட்டிட்டுப் போயிருவான். இங்கிலீஷ்ல என்னடே இதுக்குப் பேரு?"

"ட்ரையல், அண்ணாச்சி."

"ட்ரையலுன்னா ஜவுளிக்கடையில பேண்ட் போட்டுப் பாக்குதது. வேற?"

"டெஸ்ட் பண்ணிப் பாக்கோம். அவ்வளவுதான்."

"அதைச் சொல்லு. டெஸ்ட் ஊசி. இது பச்சப்பிள்ளைக்கும் தெரியுமே."

பச்சப்பிள்ளைக்கும் தெரியும் என்பது உண்மை. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வீரியமான ஊசி எதையும் எடுத்த எடுப்பில் போட மாட்டார்கள். முதலில் முழங்கைக்குக் கீழே தோலுக்கடியில் கொஞ்சூண்டு குத்தி, சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, பெஞ்சில் உட்கார வைப்பார்கள். வட்டத்துக்குள் தடிக்கவில்லை என்றால் உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம் இடுப்பில் பெரிய ஊசி. முதலாவது டெஸ்ட் ஊசி, இரண்டாவது மெயின் ஊசி. பேனா வட்டத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து அழாத பிள்ளை தென்காசி வட்டாரத்திலேயே கிடையாது.

ஆக, மறுநாள் காலை மேலகரம் முழுக்க, "டெங்குக்கு டெஸ்ட் ஊசி வந்திருக்கு, டெஸ்ட் ஊசி, இலவசம், பெரியவங்களுக்கு மட்டும்" என்று குழாய் முழங்கியது. முத்துச்செல்வம் வண்டியில் பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு வந்தான். ஊசி உடம்பைச் சோதிக்க இல்லை, உடம்பை வைத்து ஊசியைச் சோதிக்க என்று அவனுக்குத் தெரியும். முறுக்கு வாயில் இருந்ததால் சொல்ல முடியாமல் போயிருக்கலாம். நாள் முழுக்கவா ஒரு முறுக்கு?

கூட்டம் அள்ளியது. தென்காசிக்குப் போகிற ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முதல் ஆளாகப் போய் நின்றவர் சிவனணைந்தபெருமாள். நல்லகண்ணு வீட்டுக்கு எதிர்வீடு. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், அதனால் பட்டாளத்தார். மீசையை முறுக்குவதும் நல்லகண்ணுவைத் திட்டுவதும் ஓய்வுக்காலப் பணிகள். மைக் சத்தத்தில் மதியத் தூக்கம் கெடுகிறது என்று தினமும் புகார் சொல்வார். ஒருநாள் வண்டி வராவிட்டால், "ஏலே, செத்துக்கித்துப் போயிட்டியா?" என்று கதவைத் தட்டுவார்.

மாடியில் ஒரு செல்போனைக் குச்சியில் மாட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவரும் அதன் முன்னால் உட்கார்ந்து, எல்லாம் புரிந்தது, சம்மதம் என்று சொல்ல வேண்டும். அதுதான் சட்டமாம், ஏழைபாழைகளை யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே என்று வந்த சட்டமாம். முத்துச்செல்வம் ஒரு தாளைக் கடகடவென்று வாசித்தான். "பங்கேற்பாளர்களுள் பாதிப்பேருக்குச் சமவாய்ப்பு முறையில் மருந்துப்போலி செலுத்தப்படும்."

"போளியா? ஊசி போட்டுட்டு போளி வேற தருவானுவளா?" என்று பட்டாளத்தார் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். வரிசையே சிரித்தது. முத்துச்செல்வமும் சிரித்தான். சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டான்.

"எல்லாம் புரிஞ்சுதா சார்?"

"யெஸ் சார்" என்று பட்டாளத்தார் செல்போனுக்கு ஒரு சல்யூட் அடித்தார். "ஊசின்னா கையை நீட்டணும். கேள்வி கேட்டா பட்டாளம் நடக்குமா?"

ஊசி போட்டதும் நர்ஸ் வட்டம் போடவில்லை. அவர் நர்ஸிடமே பேனாவை வாங்கித் தானே போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து, நல்லகண்ணு, இராமலட்சுமி உட்பட வரிசையில் பாதிப்பேர் போட்டுக்கொண்டார்கள். அந்த மாடியில் இருந்த அத்தனை படித்தவர்களும் அதைப் பார்த்தார்கள். எதற்கு வட்டம் போடுகிறீர்கள் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்டிருந்தால் போதும்.

சித்திரையில் இரண்டாவது ஊசிக்குக் கூப்பிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? டெஸ்ட் ஊசி ஒத்துக்கொண்டது, இது மெயின் ஊசி. இராமலட்சுமி நர்ஸிடம், "இதுதானம்மா மெயினு?" என்று கேட்டதற்கு, அந்தப் பெண், "ஆமா, செகண்ட் டோஸ்" என்றாள். தெரு முழுக்க நிம்மதி. இனி கொசு கடித்தால் கொசுவுக்குத்தான் காய்ச்சல் என்று பட்டாளத்தார் அறிவித்தார்.

ஆனியில் சாரல் பிடித்தது. சீசன் வந்தால் இராமலட்சுமி குற்றாலத்தில் பழக்கடையில் வேலைக்கு நிற்பாள். மங்குஸ்தான், ரம்புட்டான் அடுக்கி, தலை துவட்டாமல் வருகிற கூட்டத்திடம் பேரம் பேசுகிற வேலை. வருஷத்தில் அவளுக்கென்று உள்ள நாட்கள் அவைதான். அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்த ஒரு வாரத்தில் அவளுக்கு உடம்பு சுட்டது.

"காய்ச்சலாட்டி?" என்றார் நல்லகண்ணு.

"சாரல் காத்து. மாத்திரை போட்டிருக்கேன்."

"டெங்கு கிங்கு..."

"நீங்கதான ஊரெல்லாம் கூப்பிட்டு ஊசி போட வச்சீக. அப்புறம் என்ன டெங்கு?"

அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. முத்துச்செல்வம் வாராவாரம் போன் போட்டு, காய்ச்சல் இருக்கா அக்கா என்று கேட்பான். இல்ல தம்பி என்று சொல்லிவிட்டாள். சொன்னால் கடைக்குப் போக விடமாட்டார்கள். நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது. சரியாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டு வேலைக்குப் போனவள், பழக்கூடை மேலேயே சரிந்து விழுந்தாள். ரம்புட்டான் ரோடெல்லாம் உருண்டதாம். டூரிஸ்ட்டு ஆள் ஒருத்தன் அதைப் பொறுக்கித் தின்றானாம்.

தென்காசி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டு டாக்டர் ஒரு சின்னப் பெண். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், இராமலட்சுமி முனகினாள்.

"ஏன் இவ்வளவு லேட்டாக் கூட்டிட்டு வந்தீங்க?"

"டெங்கு ஊசி போட்டிருக்கும்மா. அதான் டெங்கா இருக்காதுன்னு..."

"என்ன ஊசி? அது இன்னும் டெஸ்ட்லதானே இருக்கு?"

"டெஸ்ட் ஊசி ஒத்துக்கிட்டு, மெயின் ஊசியும் போட்டாச்சு" என்றார் நல்லகண்ணு.

அந்தப் பெண் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "டெங்குல காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்தே. வயித்துவலி, வாந்தி, ரத்தம், எது வந்தாலும் அப்பவே கூட்டிட்டு வரணும்" என்று சொல்லி டிரிப்ஸை வேகப்படுத்தினாள். "ஊசி போட்டவங்க நம்பர் இருந்தா கூப்பிடுங்க" என்றாள்.

முத்துச்செல்வம் பறந்து வந்தான். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்தான். இராமலட்சுமி பக்கம் போய், "ஒண்ணுமில்ல அக்கா" என்றான். பிறகு வராந்தா மூலைக்குப் போய்ப் போனில் பேசினான். தண்ணீர் பிடிக்கப் போன நல்லகண்ணு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

"சார், மேலகரத்துல நமக்கு ஒரு கேஸ் கிடைச்சிருச்சு சார். கன்ஃபார்ம். ஆமா சார், சூப்பர் சார்."

அவன் திரும்பினான். முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தான்.

"என்ன கிடைச்சிது?" என்று கேட்டார் நல்லகண்ணு. குரல் இறங்கியிருந்தது.

"அண்ணாச்சி, அது வந்து... அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"அவளுக்கு எப்படி இருக்குன்னு உள்ள போயி அவகிட்டக் கேளு. கிடைச்சது என்னன்னு என்கிட்டச் சொல்லு."

அப்போதுதான் சொன்னான். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று அவனுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். எல்லாருக்கும் கொசு கடிக்கும். எந்தப் பாதியில் அதிகம் பேருக்கு டெங்கு வருகிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் மருந்து நல்லதா என்று தெரியும். உலகம் பூரா இப்படித்தான்.

"அப்ப எங்களுக்கு எப்பக் காய்ச்சல் வரும்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கீய."

"வரணும்னு இல்ல அண்ணாச்சி. வந்தா தெரியணும்னுதான். வாராவாரம் போன் போட்டுக் கேட்டேம்லா."

"கேட்ட. எதுக்குக் கேக்கேன்னு சொன்னியா? உனக்குப் போட்டது தண்ணியாக்கூட இருக்கும், சூடு அடிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னியா?"

"தாள்ல இருந்துச்சு. மருந்துப்போலின்னு..."

"மருந்துப்போலி" என்று நல்லகண்ணு அந்தச் சொல்லைத் துப்புவதுபோலச் சொன்னார். "எலேய், தண்ணி ஊசி போட்டதுக்கு நான் கோவப்படல. நாலு சனத்துக்கு நல்லதுன்னா, நான் பாதி, நீ பாதின்னு நாங்களே கையை நீட்டியிருப்போம். எங்ககிட்டச் சொல்லிட்டுப் போட்டிருக்கணும். நான் மைக்ல டெஸ்ட் ஊசின்னு கத்தும்போது பக்கத்துலதான உக்காந்திருந்த? அது தப்புன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

முத்துச்செல்வம் செருப்பைப் பார்த்தான். "தெரியும் அண்ணாச்சி. சார்கிட்டச் சொன்னேன். 'கூட்டம் வருதுல்ல, விடு'ன்னாரு."

அதுவரை தன் வாயால்தான் எல்லாம் கெட்டது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை மோதாத குறையாக நின்ற மனிதர், அந்த வார்த்தையில் நிமிர்ந்தார். தப்பு அவருடையதுதான். ஆனால் அது தப்பு என்று தெரிந்தே, நல்ல விலைக்குப் போகிறதே என்று சரக்கைப்போல வைத்து விற்றிருக்கிறார்கள். ஒரு மனிதனின் அறியாமையைக் குழாய் கட்டி ஊர்வலம் விட்டிருக்கிறார்கள்.

அந்த நேரத்தில்தான் பட்டாளத்தார் போன் போட்டார்.

"ஏலே, இராமலட்சுமிக்கு டெங்குன்னு சொல்லுதானுவ? அவ மெயின் ஊசியன்னைக்கு வெறும் வயித்தோட போயிருப்பா. அதான் பிடிக்கல."

"அண்ணாச்சி, நீங்க எப்படி இருக்கீய?"

"நாலு நாளாக் கொதிக்கு. ஆனா நான் வட்டம் போட்டுப் பாத்தவம்லா. எனக்கு என்ன வரும்? நாளைக்கு ஐந்தருவியில போயி ரெண்டு முங்கு முங்குனா ஓடிரும்."

நல்லகண்ணு தண்ணீர் ஊசி விஷயத்தைச் சொன்னார். டெங்குவாகத்தான் இருக்கும், இப்பவே கிளம்பி வாருங்கள் என்றார். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"தண்ணி உனக்கு விழுந்திருக்கும்லே. எனக்கு எதுக்கு விழணும்? நீயே மைக்ல சொன்ன, டெஸ்ட் ஊசின்னு. மைக்ல ஒண்ணு, போன்ல ஒண்ணா? போலே, போயி பொண்டாட்டியைப் பாரு."

வைத்துவிட்டார். நல்லகண்ணு தன் தெருவை மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். எத்தனை வீட்டில் எத்தனை கை நீண்டதோ, அத்தனை பேரும் இந்த ஒரே நினைப்பில்தான் காய்ச்சலோடு படுத்திருப்பார்கள். இராமலட்சுமியாவது கூட்டத்துக்கு நடுவில் விழுந்தாள். வீட்டுக்குள் விழுந்தால் யார் பார்ப்பது?

இராமலட்சுமியின் அக்காவை அவள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, முத்துச்செல்வத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊசி போட்ட அந்த மாடிக்கே போனார். ஆய்வை நடத்தும் டாக்டர் விஜயசங்கர் நல்ல மனிதர்போலத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நல்லகண்ணு அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. அந்த அறையில் எது தண்ணீர், எது மருந்து என்று யாருக்கும் தெரியாதாமே.

"சார், வண்டியில வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. பாதிப்பேருக்குத் தண்ணிதான், சூடு அடிச்சா உடனே வாங்கன்னு. நீங்க வேண்டாம்னா நானே சொல்லுதேன். எதிர்வீட்டு மனுசன் காய்ச்சலோட கெடக்காரு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வருத்தம் புரியுது. அவரை நாங்க போன்ல கூப்பிடுறோம். ஆனா மைக்ல அறிவிப்பு அப்படியெல்லாம் செய்ய முடியாது. ஆய்வு சம்பந்தமா பொதுமக்கள்கிட்ட எதைச் சொன்னாலும் அந்த வாசகத்தை நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தரணும். குழு அடுத்த மாசம்தான் கூடுது."

"நெறிமுறைக் குழுன்னா?"

"உங்களுக்கு எந்தத் தப்பும் நடக்காமப் பார்த்துக்கிற குழு."

"அப்படியா சார்." நல்லகண்ணுவின் குரல் இப்போது கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. டாக்டர் முன்னால் குனிய வேண்டியிருந்தது. "டெஸ்ட் ஊசின்னு நான் கத்துனப்ப அந்தக் குழு எங்க சார் கூடியிருந்துச்சு?"

"அது... நீங்களா மாத்திச் சொன்னது."

"தப்பா மாத்திச் சொன்னா ஒப்புதல் வேண்டாம். சரியா மாத்திச் சொல்லணும்னா அடுத்த மாசம். நல்லாருக்கு சார் உங்க நெறிமுறை. என் சம்சாரத்துக்குப் போட்டது எதுன்னாவது சொல்லுங்க."

"அது பூட்டி வச்ச தகவல். சிகிச்சைக்கு அவசியம்னாத்தான் திறக்க முடியும். டெங்குக்குச் சிகிச்சை ரெண்டுக்கும் ஒண்ணுதான். அதனால..."

"அதனால அவசியம் இல்ல."

அவர் எழுந்தார். கதவருகே முத்துச்செல்வம், "அண்ணாச்சி, மைக்ல சொன்னீகன்னா ட்ரையல் கெட்டுப்போகும். இத்தனை பேரு உழைப்பு. மருந்து நல்ல மருந்தா இருந்தா எத்தனை உசிரைக் காப்பாத்தும், யோசிங்க" என்றான். அவன் கண்ணில் பொய் இல்லை. அதுதான் நல்லகண்ணுவுக்கு இன்னும் எரிந்தது. இந்தப் பயல் நல்லது செய்வதாக நம்பித்தான் முறுக்குத் தின்றிருக்கிறான்.

"காப்பாத்தட்டும்டே. அதுல எதிர்வீட்டு உசிரும் ஒண்ணுதான?"

வண்டியை எடுத்தார். மேலகரம் முக்கில் திரும்பி மைக்கை எடுத்தார். இருபது வருஷத்துக்கு மேல் மைக்கில் பேசிய வாய், நான் சொன்னது தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. செத்தவருக்கு அரிய வாய்ப்பு கொடுத்தபோதுகூட மன்னிப்புக் கேட்காமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

"மேலகரம் பொதுமக்களே, நல்லகண்ணு பேசுதேன். தை மாசம் இதே மைக்ல டெங்கு டெஸ்ட் ஊசின்னு சொன்னேன். அது தப்பு. நான் சொன்னது தப்பு. அது உங்க உடம்பை டெஸ்ட் பண்ண ஊசி இல்ல. அந்த மருந்தை உங்களை வச்சு டெஸ்ட் பண்ணாங்க. பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெறும் தண்ணி. யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. மருந்தே விழுந்திருந்தாலும் அது வேலை செய்யுதான்னு இன்னும் தெரியாது. ஊசி போட்டிருக்கோம்னு ஒருத்தரும் காய்ச்சலோட வீட்டுல கெடக்காதீக. காய்ச்சல் விட்டுட்டா அப்பத்தான் ஆபத்து. வயிறு வலிச்சாலும், வாந்தி எடுத்தாலும், ரத்தம் வந்தாலும், நிக்காம பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. என் வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன்."

கதவுகள் திறந்தன. தையல்கடை சங்கரேஸ்வரி இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி குறுக்கே வந்து நின்றாள்.

"அப்ப எனக்குப் போட்டது எது?"

"தெரியாது தாயி."

"நீருதான கூப்பிட்டீரு? உம்ம குரலைக் கேட்டுத்தான போனேன்?"

"ஆமா."

"ஆமான்னு சொல்லுததுக்கு மைக்கா?" என்று அவள் காறித் துப்பினாள். அவர்மேல் படவில்லை, வண்டிமேல் பட்டது. அவர் துடைக்கவில்லை. "காய்ச்சல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். சாட்டிலைட் டிஷ் மறைவிலிருந்து எவனோ, "நாளைக்கு அதுவும் தப்புன்னு சொல்லுவாரு" என்றான். சிரித்தார்கள். சொல்லிக்கொண்டே போனார். முத்துச்செல்வத்தின் போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

பட்டாளத்தார் வாசலில் வண்டியை நிறுத்தி, முன்பக்கத்துக் குழாயை அவர் ஜன்னலுக்கு நேராகத் திருப்பி, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். கதவு படாரென்று திறந்தது. முண்டா பனியன், முறுக்காத மீசை, சிவந்த கண்.

"எவம்லே அது ஊரைப் பயமுறுத்துதது?"

"மைக்ல ஒண்ணு, போன்ல ஒண்ணான்னு கேட்டீகள்லா. மைக்லயே சொல்லிட்டேன். ஏறுங்க வண்டியில."

"எனக்குக் காய்ச்சல் விட்டுட்டுலே. ஒரு மணி நேரமா உடம்பு பச்சத்தண்ணி மாதிரி கெடக்கு."

இராமலட்சுமியும் இதையேதான் சிரித்துக்கொண்டு சொன்னாள். பட்டாளத்தாரின் மனைவி மங்களேஸ்வரி பின்னாலிருந்து, "அண்ணாச்சி, பல்லு தேச்சா ரத்தமா வருது. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குறுகிப்போயி உக்காந்திருக்காரு. வெளிய சொல்லக்கூடாதுங்காரு" என்றாள்.

"ஏட்டி, உள்ள போ." அந்த அதட்டல் பாதியிலேயே அறுந்தது. பட்டாளத்தார் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். நல்லகண்ணு மைக்கை சீட்டில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தாங்கினார். இத்தனை வருஷம் திட்டிய உடம்பு இவ்வளவு லேசாகவா இருந்தது என்று அவருக்குக் கண் கலங்கியது. சங்கரேஸ்வரி வந்து காலைப் பிடித்தாள். டிஷ் மறைவில் சிரித்த பயலும் ஓடிவந்தான். ஆம்பிளிபயருக்கும் பேட்டரிக்கும் இடையில் அவரைத் திணித்து, மங்களேஸ்வரி தோளைப் பிடித்துக்கொள்ள, வண்டி கிளம்பியது.

சீட்டில் கிடந்த மைக் அணையவில்லை.

"விடுலே என்னை, கட்டையில போறவனே" என்று பட்டாளத்தாரின் குரல் இரண்டு குழாயிலும் புறப்பட்டது. "யாரைக் கேட்டுலே என்னைத் தூக்குத? இத்தனை குண்டு பாத்தவன்லே நான். அந்தப் போளிக்காரப் பயலைக் கூப்பிடு. யெஸ் சார்னு சல்யூட் அடிச்சேம்லே, அதையும் படம் பிடிச்சு வச்சிருக்கானே. தண்ணிக்காலே நான் சல்யூட் அடிச்சேன்? சொல்லுலே, தண்ணிக்கா?"

மேலகரமே வாசலுக்கு வந்து நின்று கேட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு பைக்கில் யாரோ காய்ச்சல்கார அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு வண்டியைத் தொடர்ந்தார்கள். நல்லகண்ணு மைக்கின் பச்சை விளக்கைப் பார்த்தார். கையை நீட்டினால் அணைத்துவிடலாம். நீட்டவில்லை.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரி வந்தது. வண்டியை மெதுவாக்கினார். பட்டாளத்தாரின் குரல் தேய்ந்துபோயிருந்தது, ஆனால் அவர் விடவில்லை.

"எனக்குப் போட்டது எதுலே? வாயைத் திறந்து சொல்லுங்கலே. எனக்குப் போட்டது எது?"

மாடி ஜன்னலுக்கு இரண்டு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருத்தன் கழுத்தில் அட்டை தொங்கியது. உள்ளேயிருந்து ஒரு கை வந்து திரையை இழுத்து மூடியது.

நல்லகண்ணு சத்தத்தைக் கடைசிவரை கூட்டி வைத்துவிட்டு, பெரியாஸ்பத்திரிப் பக்கம் வண்டியை விரட்டினார்.